கூரையில நிண்டவன் கண்டது

போன மார்கழியில லண்டனில இருந்து என்ர பேரன் வந்தவன். மகன்ர மூத்த பொடியன், வயது பத்தொன்பது. வந்து மூண்டாம் நாள் குசினிக்குள்ள போனான். நடுவில நிண்டு, ரெண்டு கையையும் இடுப்பில வச்சு, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். விதானையார் வெள்ள நிவாரணத்துக்குச் சேதம் பார்க்க வந்த மாதிரி. பிறகு ஒரு பெருமூச்சு விட்டான்.

"அப்பப்பா, இதெல்லாம் போகவேணும்" எண்டான்.

"எங்க போகவேணும்?"

"வெளியில."

"நாங்களுமோ?" எண்டு கேட்டன்.

அவன் சிரிக்கேல்லை. அவன்ர கண் மூலையில கிடந்த அம்மியில போய் நிண்டிட்டுது. "முதல் உதைத் தூக்கவேணும். அப்பதான் இடம் திறக்கும்" எண்டான். திரியாயில இருந்துகொண்டு இடம் திறக்கவேணுமாம். கிழக்கால போனால் கடல். மேற்கால போனால் வயல், அதுக்கங்கால காடு. இதைவிட எங்கயடா திறக்கிறது? மனிசி ஒரு மூலையில இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தவள். அவள் நிமிர்ந்து பார்க்கேல்லை. திருவின சத்தம் மட்டும் கொஞ்சம் கூடிச்சுது.

தம்பி, நீயும் இந்த வயசுதான், அதனாலதான் உனக்குச் சொல்லுறன். என்ர பொடியன் கெட்டவன் இல்லை. கோயில் வாசலில சேர்ட்டைக் கழற்றத் தெரிஞ்சவன். பெரியாக்கள் வந்தால் கதிரையால எழும்புவான். அப்பிடிப்பட்டவனுக்கு இந்தக் கண் எங்க இருந்து வந்தது? பெத்த தாய் குடுக்கேல்லை. பள்ளிக்கூடம் குடுக்கேல்லை. அண்டைக்கு இரவே விடை கிடைச்சுது. கட்டிலில இருந்து போனை என்னட்ட நீட்டினான். "அப்பப்பா, இதைப் பாருங்கோ, நல்ல பகிடி" எண்டான்.

பார்த்தன். 2003 இல தொடங்கி 2009 மட்டும் லண்டனில சனல் 4 இல ஓடின நிகழ்ச்சியாம். உங்கட வீடு எவ்வளவு துப்பரவு எண்டு தலைப்பிலயே கேள்வி. கேள்வி கேக்கிறவளுக்குப் பதில் முதலே தெரியும், அது வேற கதை. ரெண்டு பொம்பிளையள். ஒராள் கிம் வூட்பேர்ன், மற்றாள் அகி மக்கன்சி. கிம் எண்டவ வெள்ளைக் கோட்டுப் போட்டு, மஞ்சள் முடியைப் பின்னிச் சுருட்டி, இளஞ்சிவப்புக் கையுறை போட்டிருப்பா. கையுறையின்ர வாயில பஞ்சு மாதிரி ஒரு சோடினை வேற. சட்டி கழுவ வாறவளுக்குச் சாமிக்கு மாதிரி அலங்காரம். மற்றவ பஞ்சுக்குச்சியால அங்கினை இஞ்சினை தடவி எடுத்து, என்ன கிருமி எண்டு பார்க்க ஆய்வுகூடத்துக்கு அனுப்புவா.

கதவு திறக்குது. உள்ள வருகினம். "சீ" எண்ணினம், மூக்கைப் பொத்தினம், விரலால ஒரு தட்டுத் தட்டி அந்த விரலைக் கமராவுக்கு நீட்டினம். வீட்டுக்காரன் பக்கத்தில நிக்கிறான். ஐம்பது வயதிருக்கும். சொந்த வீடு, சொந்தக் குசினி. பிரம்படிக்குக் கை நீட்டிக்கொண்டு நிக்கிற மூண்டாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நிக்கிறான். அவனுக்கு என்ன நடந்தது, மனிசி விட்டிட்டுப் போனாளோ, வேலை போச்சோ, தாய் செத்தவளோ, ஆருக்கு என்ன கவலை? ஊத்தை பெரிசாத் தெரிஞ்சால் காணும்.

சரி, கடைசியில என்ன வித்தை சொல்லிக் குடுக்கினம் எண்டு பார்த்தன். எலுமிச்சம்பழம். வினாகிரி. அப்பச்சோடா. அட பாவிகளே, இதைச் சொல்லவோ இவ்வளவு வசவு? என்ர மனிசி பழப்புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கை மினுக்குவாள், முகம் பார்க்கலாம். ஒருத்தரையும் ஏசமாட்டாள். என்னைத் தவிர.

தம்பி, ஒரு வீட்டுக்குள்ள எப்பிடிப் போறது எண்டு உனக்கு ஆரும் சொல்லித் தந்தவையோ? எங்கட காலத்தில படலையில நிண்டு இருமுவம். அது வருத்தத்தில வாற இருமல் இல்லை, கண்டியோ. "வீட்டில ஆர்?" எண்டு கேக்கிற இருமல். இருமிப்போட்டு உடன உள்ள போறதும் இல்லை. வேலிப் பூவரசைப் பார்க்கிறது, வானத்தைப் பார்க்கிறது, மழை வருமோ எண்டு யோசிக்கிறது. அந்த ஒரு நிமிசத்துக்குள்ள உள்ள எவ்வளவு வேலை நடக்கும் தெரியுமோ? கொடியில கிடக்கிற கிழிஞ்ச உடுப்பு உள்ள போகும். சண்டை பிடிச்சு அழுதவள் முகம் கழுவுவாள். ஓட்டைப் பாய் சுருளும், நல்ல பாய் விரியும். பிறகு, "வாங்கோ, வாங்கோ, உதில இருங்கோ" எண்டு குரல் வரும். வந்தவனுக்கும் தெரியும், உள்ள என்ன நடந்தது எண்டு. ஆனா ரெண்டு பேரும் தெரியாத மாதிரி. அந்த ஒரு நிமிசம் குடுக்கிறதுக்குப் பேர்தான் மரியாதை. கமராக்காரன் பார், மற்ற எல்லாம் தருவான். புதுக் குசினி தருவான், கதிரை மேசை தருவான். அந்த ஒரு நிமிசத்தை மட்டும் தரமாட்டான்.

அடுத்த நாள் பொடியனே தேடித் தேடிக் காட்டினான். எனக்கும் நேரம் போகவேணுமே. 1996 இல பிபிசி 'சேஞ்சிங் றூம்ஸ்' எண்டு ஒண்டு தொடங்கினதாம். அயலட்டை ரெண்டு குடும்பம் வீட்டை மாத்திக்கொள்ளவேணும். இவன் அவன்ர அறையைத் திருத்துவான், அவன் இவன்ர அறையைத் திருத்துவான். ரெண்டு நாள், 500 பவுண், கூட ஒரு அலங்கார நிபுணர். எங்கட ஊரில அயலவன் சண்டை வேலியோட நிக்கும். அவங்கள் காசு செலவழிச்சு அதைப் படுக்கையறைக்குள்ள கொண்டு வந்தாங்கள்.

அதில ஒரு தேத்தண்ணிப் போச்சி கதை இருக்கு. ஒரு வீட்டுக்காரிக்குப் பழைய தேத்தண்ணிப் போச்சி சேர்க்கிற பைத்தியம். எனக்கு விளங்குது, எங்கட ஊரிலயும் சில பேருக்குக் காணி உறுதி சேர்க்கிற பைத்தியம். லிண்டா பார்க்கர் எண்ட நிபுணர் அந்தப் போச்சியளை அடுக்க ஒரு தொங்கு தட்டுச் செய்விச்சா. நிலத்தில கால் ஊண்டாத தட்டு. காலையில வந்து பார்த்தால் தட்டு கீழ, போச்சியள் தூள். கிட்டத்தட்ட 6,000 பவுண் பெறுமதியாம். அறை திருத்தின காசு 500, உடைஞ்ச காசு 6,000. அவ வேணுமெண்டு செய்யேல்லை, அது எனக்கும் தெரியும். ஆனா எங்கட மேசன் ஒராள் ஒரு மரத்தட்டு அடிச்சால், முதல் தானே தொங்கிப் பார்ப்பான். பிறகுதான் உன்ர சாமானை வைப்பான்.

அமெரிக்காக்காரன் இதைப் பார்த்து, 2000 இல 'ட்ரேடிங் ஸ்பேசஸ்' எண்டு தொடங்கினான். 1,000 டொலர். அதில ஹில்டி எண்டு ஒரு பொம்பிளை ஒரு வீட்டுச் சுவர் முழுக்க வைக்கல் ஒட்டினா. பகிடி இல்லை, நானே பார்த்தன். எங்கட ஊரில சுவரில வைக்கல் தெரிஞ்சால் மண்ணோட குழைச்சுக் கட்டின சுவர் எண்டு விளங்கும். பாவப்பட்ட வீடு. அங்க அதுக்கு ஒரு நிபுணர், சம்பளம், கைதட்டு. நல்லகாலம், அந்தத் தெருவில மாடு இல்லைப் போல.

இன்னொரு வீட்டில செங்கல் கணப்பு. குளிர் நாட்டில வீட்டுக்குள்ள நெருப்பு மூட்டுற இடம். வீட்டுக்காரி கும்பிடாத குறையாச் சொல்லியிருந்தவ, "எல்லாத்தையும் மாத்துங்கோ, இதை மட்டும் தொடாதேங்கோ" எண்டு. டக் வில்சன் எண்ட நிபுணர் எதைத் தொட்டிருப்பார், சொல்லு பார்ப்பம்? அதைத்தான். வெள்ளைப் பலகையால மூடி விட்டார். அவ கண்ணைத் திறந்து பார்த்தா. ஒரு வார்த்தை பேசேல்லை, மற்ற அறைக்குள்ள போயிட்டா. கமரா வெளியில நிண்டிட்டுது. ஆனா அவவின்ர உடுப்பில மைக் கிடந்தது. அவ அழுத அழுகை முழுக்க ரீவியில கேட்டது. அந்த நிகழ்ச்சி ஓடின அத்தனை வருசத்திலயும் ஆக்கள் மறக்காம வச்சிருக்கிறது அந்த அழுகையைத்தானாம்.

பார்த்தியோ? நூறு வடிவான அறை செய்தாங்கள், ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. ஒரு மனிசியின்ர அழுகை இருபது வருசமாச் செலவாகுது. சரக்கு எது எண்டு இப்ப விளங்குதோ? நீ நினைக்கிறாய் அவங்கள் பெயின்ற் விக்கிறாங்கள், அலுமாரி விக்கிறாங்கள் எண்டு.

மீன் சந்தைக்குப் போயிருக்கிறியோ? கெட்டிக்கார வியாபாரி தன்ர மீன் நல்லது எண்டு சொல்லமாட்டான். "அங்கால வாங்காதேங்கோ, நேற்றையான்" எண்டுதான் சொல்லுவான். அதுதான் இதுவும். முதல் உன்ர வீட்டை நாறப்பண்ணவேணும். அப்பதான் அவன் திருத்தினது மணக்கும். நான் ஒரு கிழமை பார்த்துக் கண்டுபிடிச்சதைச் சொல்லுறன் கேள். முதல் படம் எடுக்கேக்க யன்னலைச் சாத்தி வச்சிருப்பான், மேசையில சாமான் பரவிக் கிடக்கும், வீட்டுக்காரன் தலை இழுத்திருக்காது. கடைசிப் படத்தில எல்லா லைற்றும் எரியும், மேசையில ஒரு கிண்ணம் தோடம்பழம். ஐயோ, அந்தத் தோடம்பழம்! எந்த நாட்டு நிகழ்ச்சியெண்டாலும் தோடம்பழம் வரும். என்ர குசினியிலயும் யன்னலைத் திறந்து ஒரு கிண்ணம் தோடம்பழம் வச்சால் பாதி வேலை முடிஞ்சுது. மிச்சப் பாதி, சும்மா நிக்கிற என்னை வெளியில அனுப்பிறது.

"கையெழுத்துப் போட்டுத்தானே அப்பப்பா வருகினம், ஆரும் பலவந்தம் பண்ணேல்லையே" எண்டு பொடியன் சட்டம் கதைச்சான். உண்மைதான். கடன்காரனும் கையெழுத்துப் போட்டுத்தான் கடன்காரன் ஆகிறான். ஓசியாக் குசினி கிடைக்குதெண்டால் ரெண்டு வசவு கேட்டால் என்ன எண்டு நினைக்கிறான். வசவு அரை மணித்தியாலம்தான் எண்டும் நினைக்கிறான். அவன் செத்த பிறகும் அவன்ர ஊத்தைச் சட்டியைத் திரியாயில ஒரு கிழவன் இரவு பத்து மணிக்கு இருந்து பார்த்துச் சிரிப்பான் எண்டு அந்தப் பத்திரத்தில எழுதியிருக்கோ?

ஓம், சிரிச்சனான். நான் என்ன சாமியோ?

ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் சிரிப்பு வரேல்லை. ஏபிசி எண்ட அமெரிக்க ரீவியில 2003 இல இருந்து 2012 மட்டும் ஓடினது. அதில ஆரையும் ஏசமாட்டாங்கள். ரை பெனிங்டன் எண்டவர் விடியக் காலமை ஒரு வீட்டு வாசலில நிண்டு ஒலிபெருக்கியில குடும்பப் பேரைச் சொல்லிக் கத்துவார். கஷ்டப்பட்ட குடும்பம் ஓடி வரும், துள்ளும், அழும். அவையை ஒரு கிழமை உல்லாசப் பயணம் அனுப்பிப்போட்டு, பழைய வீட்டை இடிச்சு, ஏழு நாளில மாளிகை கட்டுவாங்கள். வீட்டை மறைச்சு ஒரு பஸ் நிக்கும். எல்லாரும் கத்த பஸ் விலகும். குடும்பம் நிலத்தில விழுந்து அழும்.

எங்களுக்கு விடியக் காலமை வாசலில ஒலிபெருக்கி கேட்டால் ஒண்டில் கோயில் திருவிழா, இல்லாட்டிச் சுற்றிவளைப்பு. நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தனான், என்னை அறியாமல் அடையாள அட்டையைத் தடவிப் பார்த்தன். அதை விடு. அந்தக் குடும்பம் எங்கயோ ஒரு ஹொட்டலில இருந்து, தங்கட வீடு இடிபடுறதை வீடியோவில பார்க்குது. கை தட்டுது. வீட்டை இடிச்சுத்தான் உதவி செய்யவேணுமோ எண்டு ஒருத்தர் கேக்கேல்லை. பிறகு என்ன நடந்தது? பெரிய வீட்டுக்குப் பெரிய கரண்ட் பில், பெரிய வரி. சில குடும்பம் தாக்குப் பிடிக்கேலாமல் வீட்டை வித்தவை, சிலரின்ர வீட்டை வங்கி எடுத்தது. யானையைப் பரிசு குடுத்தவன் தீனிக்கு வழி சொல்லேல்லை. 'வீட்டைக் கட்டிப் பார்' எண்டு எங்கட ஆக்கள் சொன்னது சும்மாவோ? கட்டின வீட்டைக் காட்டுறது லேசு.

தம்பி, வீடு திருத்துற வித்தை எங்களுக்குத் தெரியாததில்லை. நாங்கள் வருசா வருசம் செய்தனாங்கள். ரீவி இல்லை, அவ்வளவுதான்.

நான் பொடியனா இருக்கேக்க ஊரில முக்கால்வாசி கிடுகு வீடு. மாரிக்கு முன்னம், ஆவணி புரட்டாதியில வேயவேணும். விடிய ஆறு மணிக்கு அயல் முழுக்க வந்து நிக்கும். சம்பளம் இல்லை. இண்டைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. பழைய கிடுகைப் பிரிச்சுக் கீழ தள்ளினால் ஒரே புழுதி, மட்டத்தேள், சில நேரம் பாம்பும். கீழ இருந்து ஒருத்தன் புதுக் கிடுகை எறிய, மேல இருக்கிறவன் ஏந்தி வரிச்சோட கட்டுவான். பொழுது சாயேக்க வீடு பொன் நிறமா நிக்கும். புதுக் கிடுகு வாசம் ஒரு மாதத்துக்குப் போகாது. ஒரு நாளில வீடு புதுசு. உன்ர ரீவிக்காரனுக்கு ரெண்டு நாள்.

ஆனா நடுவில ஒரு நேரம் இருக்கு. பழைய கூரை போச்சு, புதுக் கூரை வரேல்லை. அப்ப மேல நிக்கிறவனுக்கு வீடு முழுக்கத் தெரியும். எந்தப் பெட்டிக்குள்ள என்ன, எந்தப் பாயில எத்தனை ஓட்டை, ஆர் எங்க படுக்கிறது எல்லாம் தெரியும். ஒரு வீடு உரிச்ச கோழி மாதிரிக் கிடக்கும். அதைவிடப் பெரிய கமரா ஒண்டும் இல்லை.

எனக்கு அப்ப பதினேழு. தாலி அறுத்த ஒரு அக்காவின்ர வீடு. வளையில குந்திக்கொண்டு கீழ பார்க்கிறன், அரிசிப்பானை கவிண்டு கிடக்குது. எனக்கு வாய் சும்மா இருக்குமோ? "அக்கோய், பானை குப்புறப் படுத்திருக்கு, மத்தியானம் எங்களுக்கு என்ன?" எண்டு மேல இருந்து கத்தினன். பெரிய பகிடி விட்டனான் எண்டு நினைப்பு. ஒருத்தரும் சிரிக்கேல்லை. அந்த அக்கா உள்ளுக்கு ஒதுங்கினதைக் கண்டன். ஒதுங்க எங்க இடம்? கூரையே இல்லை.

எங்கட ஐயா கீழ கிடுகு எறிஞ்சுகொண்டு நிண்டவர். என்னைப் பார்க்கவும் இல்லை, ஏசவும் இல்லை. கொஞ்ச நேரத்தில அவரைக் காணேல்லை. மத்தியானம் எல்லாருக்கும் கஞ்சி வந்தது, நல்ல பாற்கஞ்சி. எந்த அரிசி எண்டு நான் கேக்கேல்லை. வேலிப் பொட்டுக்குள்ளால ஐயா தலையைக் குனிஞ்சு வந்ததைக் கண்டனான். இரவு வீட்டில கைகால் கழுவேக்க ஒண்டே ஒண்டு சொன்னார்: "கூரையில நிண்டு கண்டதைக் கூரையிலயே விட்டிட்டு இறங்கவேணும்."

அந்த அக்கா அதுக்குப் பிறகும் என்னோட கதைச்சவதான். கோயிலில கண்டால் திருநீறு தருவா. ஆனா அடுத்த தரம் வேயேக்க எங்கட வீட்டில இருந்து அண்ணனைத்தான் கூப்பிட்டவ.

சரி, உன்ர லண்டன் அமெரிக்காவை விடு. எங்கட நாட்டிலயும் ஒருக்கா பெரிய ரீவி நிகழ்ச்சி மாதிரி ஒண்டு நடக்கப் பார்த்தது. யுத்தம் முடிஞ்சு வீடு இல்லாத சனத்துக்கு 65,000 இரும்பு வீடு எண்டு 2016 இல ஒரே கதை. மீள்குடியேற்ற அமைச்சரா டி. எம். சுவாமிநாதன் இருந்த காலம். ஆர்சிலர் மித்தல் எண்ட பெரிய உருக்குக் கொம்பனி செய்யுமாம். ஒரு வீடு ஏறக்குறைய 21 இலட்சம். மாதிரி வீடும் கட்டிக் காட்டினவை. உள்ள கட்டில், ரீவி, கணினி. தோடம்பழம் வச்சவையோ தெரியாது. படிச்ச ஆக்கள் போய்ப் பார்த்திட்டு, அத்திவாரம் காணாது, காத்தோட்டம் காணாது, அடுப்பு மூட்டுறதுக்குப் புகைக்கூடு இல்லை எண்டு எழுதிச்சினம். அந்தக் காசுக்கு ரெண்டு கல்வீடு கட்டலாம் எண்டு கணக்கும் காட்டிச்சினம். எங்கட வைகாசி வெய்யிலில இரும்புப் பெட்டிக்குள்ள இருந்தால் அடுப்பு எதுக்கு எண்டு நான் கேட்டனான், ஆனா என்னை ஆர் கேட்டது? கடைசியில 65,000 வரேல்லை.

மற்றப் பக்கம் இந்தியாக்காரன் தந்த வீட்டுத் திட்டத்தையும் பார். 50,000 வீடு எண்டு சொன்னது, பெரும்பங்கு வடக்கிலயும் கிழக்கிலயும். ஐந்தரை இலட்சம் ரூபா, பகுதி பகுதியா வரும், வீட்டுக்காரனே நிண்டு கட்டவேணும். குசினி எந்தப் பக்கம், சாமியறை எங்க, பின்கதவு வேணுமோ, எல்லாம் அவன்ர விருப்பம். அதுக்குள்ள எங்கட ஆக்கள் ஆடின ஆட்டம் வேற. ஐந்தரை இலட்சத்தை வச்சுக்கொண்டு எட்டு இலட்ச வீட்டுக்கு அத்திவாரம் வெட்டினவை. முன்னுக்குத் தூண் வச்ச போட்டிக்கோ, பின்னுக்குப் பூசாத சுவர். கழுத்துச் சங்கிலி ஈட்டுக்கடையில. அதையும் நாங்கள்தான் செய்தனாங்கள், ஒருத்தரும் எங்களை ஏமாத்தேல்லை. தன்ர மடத்தனத்தைத் தானே கட்டிறதிலயும் ஒரு மரியாதை இருக்குத்தான்.

திரியாய்க்கு வாற வெள்ளைக்காரன் எல்லாம் மலைக்குப் போவான். கிரிகண்டு சைத்தியம். சின்ன மலைதான், மேல ஒரு தாதுகோபம், அதைச் சுற்றி வட்டமாக் கல்தூண் வரிசை. தபுஸ்ஸ, பல்லுக எண்டு ரெண்டு வணிகர் புத்தர்ர தலைமுடியைப் பேழையில கொண்டு வந்தவை எண்டு ஐதீகம். அந்தப் பேரைச் சொல்லுற கல்வெட்டு ஒண்டு பாறையில இருக்கு, சமஸ்கிருதத்தில, பல்லவ கிரந்த எழுத்தில, ஏழாம் எட்டாம் நூற்றாண்டு எண்டு படிச்ச ஆக்கள் சொல்லுகினம். கதை என்னெண்டால், வணிகர் பேழையைப் பாறையில வச்சிட்டுச் சோறு சமைச்சுச் சாப்பிட்டவை. திரும்பி வந்து தூக்கினால், அசையேல்லை. ஊண்டி நிண்டிட்டுது.

வணிகன் எண்டால் சுமை இறக்கி ஏத்துறவன். நிபுணனாயிருந்தால் என்ன செய்திருப்பான்? பாறையை உடை, கயிறு போடு, இழு. அவை பார்த்தவை. இது இஞ்சதான் இருக்கப்போகுது எண்டு விளங்கிச்சுது. கல்லை அடுக்கி அதைச் சுற்றியே கட்டத் தொடங்கினவை. அந்த வட்டம் இண்டைக்கும் நிக்குது. மலைக்கு உரிமை ஆருக்கு எண்டு இப்ப ஆயிரம் இழுபறி, அதை நான் இதுக்குள்ள இழுக்கேல்லை. கட்டினவன்ர புத்தியை மட்டும் சொல்லுறன்.

ரீவியில ஒரேயொரு ஆளை எனக்குப் பிடிச்சது. ஜப்பான்காரி, மரி கொண்டோ. 2019 தையில நெற்பிளிக்ஸில வந்தவ. அவவும் வீடு ஒதுக்கிற ஆள்தான். ஆனா வீட்டுக்குள்ள வந்து முதல் வேலை, முழங்காலில இருந்து கண்ணை மூடி அந்த வீட்டுக்கு வணக்கம் சொல்லுறா! மனிசி பார்த்திட்டு, "உவ ஆரின்ர பிள்ளை?" எண்டு கேட்டாள். எறியிற உடுப்புக்கும் நன்றி சொல்லித்தான் எறியவேணுமாம். அது கொஞ்சம் கூடிப்போச்சு. என்ர பழைய சாரத்துக்கு நன்றி சொல்லவெண்டு வெளிக்கிட்டால் பின்னேரம் ஆகும். ஆனா முழங்காலில இருந்தவவே, அவவுக்கு அம்மியைக் காட்டலாம்.

பொடியனுக்கும் காட்டினன். ஐந்தாம் நாள் பின்னேரம், மனிசி சம்பலுக்கு அரைக்கேக்க.

"தம்பி, 85 இல ஊர் எரிஞ்சது. நாங்கள் காட்டுக்குள்ள ஓடினனாங்கள், உன்ர அப்பா என்ர தோளில. திரும்பி வந்து பார்க்கேக்க கூரை இல்லை, கதவு இல்லை, உன்ர அப்பம்மாவின்ர கலியாணப் பெட்டி இல்லை. கரியைக் கிளறக் கிளற இது வந்தது. கல்லு எரியாது. பிறகு ஊரை விட்டு எத்தனை இடம் போனம், எத்தனை வருசம். இதைத் தூக்கிக்கொண்டு போகேலாது, இஞ்சயே கிடந்தது. கடைசியா வந்தபோது பத்தைக்குள்ள பாசி பிடிச்சுக் கிடந்தது. இது எங்க கிடந்ததோ, அதுதான் குசினி எண்டு வச்சு மிச்ச வீட்டைக் கட்டினனாங்கள்."

அவன் ஒண்டும் சொல்லேல்லை. கொஞ்சம் குனிஞ்சு அம்மியைத் தொட்டுப் பார்த்தான். விரலில மிளகாய் பட்டிட்டுது. பிறகு அந்த விரலால கண்ணைத் துடைச்சான், பாவம். அந்தக் கண்ணீர் எதுக்கு வந்தது எண்டு ஆரும் தீர்மானிக்கேலாது.

அடுத்த நாள் அவனே போய், "அப்பம்மா, நான் ஏதாவது திருத்தித் தரட்டோ? என்ன வேணும்?" எண்டு கேட்டான். கேட்டான், கண்டியோ. அவள் அரை நிமிசம் யோசிச்சாள். "புகை பிடிச்ச அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடி. யன்னல் கொண்டி ஆடுது, அதை இறுக்கு. மற்றதெல்லாம் இருக்கட்டும்" எண்டாள். அடிச்சான். பாதிச் சுண்ணாம்பு சுவரில, பாதி தலையில. முடிஞ்ச கையோட ஒரு படம் எடுத்தான். முந்தி எடுத்த படம் எங்க எண்டு கேட்டன். அழிச்சுப் போட்டானாம்.

அண்டிரவு சாப்பிட்டு முடிய, விறாந்தையில மூண்டு பேரும் இருந்தம். "உந்த இளஞ்சிவப்புக் கையுறைக்காரி இண்டைக்கு ஆரின்ர குசினியில நிக்கிறா எண்டு ஒருக்காப் பார்ப்பம்" எண்டன். பொடியன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பார்த்திட்டுப் போட்டான். மனிசி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்ட வந்து குனிஞ்சாள். திரையில ஒரு கோப்பைத்தொட்டி, ஒரு மாதத்துச் சட்டி பானை, அதுக்கு மேல ஒரு பூனை.

"சீ!" எண்டாள் மனிசி. "உதுக்குள்ள எப்பிடியடா சமைக்கிறாள் அவள்?"

பொடியன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தன்.